ஒரு திண்ணை, மூன்று பஸ்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு அணிந்த மாணவ மாணவியர் முப்பது பேர் வேப்ப மரத்தடியில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் அவர்கள் வந்த பஸ். கிராமத்துக் குடும்பங்களை மருத்துவ மாணவர்கள் தத்தெடுத்தார்கள் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் குடும்பம் ஒன்றையும் காணோம். அன்றிலிருந்து எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்துக்கொண்டிருந்தது. இன்று மழை, கறவையும் முடிந்துவிட்டது, உட்கார்ந்துவிட்டேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும். முப்பத்தைந்து வருடம் பதிவேட்டுக் கட்டத்துக்குள் எழுதியவள், கட்டம் இல்லாத தாளைக் கண்டால் நிறுத்தத் தெரிவதில்லை.

நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். பதினெட்டு மாதப் பயிற்சி முடித்து 1984-ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பகுதி பெரியார் மாவட்டத்தில் இருந்தது. அது ஈரோடு மாவட்டம் என்று பெயர் மாறியது. 2009-ல் எங்களைத் திருப்பூர் மாவட்டத்தில் சேர்த்தார்கள். நான் மட்டும் 2019 வரை காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தேன். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஐயாயிரம் பேரும் நான்கு தெருவில் இருந்தால் ஒரு கவலையும் இல்லை. எங்கள் பக்கம் காட்டுக்கு ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் கிளுவை வேலி, வேலிக்குள் கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், கொறங்காட்டில் ஆடு, ஆட்டுக்குக் காவலாக நாய். அந்த நாய்களின் புண்ணியத்தில் ஊருக்கெல்லாம் ஊசி போட்ட நான் மூன்று தடவை நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் நல்ல திட்டம். தேசிய மருத்துவ ஆணையம் 2021-22-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து இதைப் பாடத்திட்டத்தில் வைத்தது. முதல் கட்டப் படிப்பில் 27 மணி நேரம், இரண்டாவதில் 30, மூன்றாவதில் 21, ஆக 78 மணி நேரம் ஒரு மாணவர் தமக்கென்று ஒதுக்கிய சில குடும்பங்களோடு பழக வேண்டும். முன்பு பலர் ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பிறகுதான் ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். நாற்காலியில் உட்காரலாமா, பாயில் உட்காரலாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதிலேயே ஒருவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என் மனக்குறை வேறு. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஓர் ஆத்தா இருக்கிறார். வயது எழுபத்தாறு. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பகலெல்லாம் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் இருப்பார். மகன் விசைத்தறிக்குப் போகிறார், மருமகள் நூற்பாலையில் ஷிஃப்ட் வேலை, பேரன் பள்ளிக்கூடம். போன வருடம் ஒரே மாதத்தில் அந்தத் திண்ணைக்கு மூன்று பஸ் வந்தது. முதல் பஸ்ஸில் மருத்துவ மாணவர்கள். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து, மாத வருமானம் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அடுத்த வாரம் செவிலியர் கல்லூரிப் பஸ். அவர்கள் முறைப்படி பையைத் திறந்து, செய்தித்தாளை விரித்து, கை கழுவி, எத்தனை பேர், கழிப்பறை உண்டா, குடிதண்ணீர் எங்கிருந்து என்று கேட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள். மாதக் கடைசியில் பிசியோதெரபி மாணவர்கள். அவர்கள் காலைத் தூக்கி மடக்கி நான்கு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஆத்தாவுக்குத்தான் சொன்னார்கள், தினமும் அவர் காலைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டிய மருமகள் அந்நேரம் மில்லில் இருந்தார். மூன்று பஸ்ஸும் காலை பதினொரு மணிக்கே வந்தது.

சாயங்காலம் நான் போனபோது ஆத்தா கேட்டார்: “ஏன் அம்மிணி, எங்கள் வீட்டில் நான்கு பேர் என்பதை எண்ணுவதற்கு அறுபது பேர் வேண்டுமா?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு வேண்டியது கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போக ஒரு கைப்பிடிக் கம்பி. அதை மூன்று பஸ்ஸில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. கழிப்பறை உண்டா என்றுதான் கேட்டார்கள், உண்டு என்று சொன்னார். அந்தக் கழிப்பறைக்கு இரண்டு படி ஏற வேண்டும். அங்கே போகப் பயந்துகொண்டு அவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். தண்ணீர் குறைந்ததால் நீர்க்கடுப்பு. நீர்க்கடுப்புக்கு மாத்திரை. இந்தச் சங்கிலியில் மருத்துவருக்குத் தெரிந்தது ஒரு கண்ணி, செவிலியருக்கு ஒன்று, பிசியோதெரபிக்காரருக்கு ஒன்று. மூவரும் அந்தத் திண்ணையில் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் கம்பி எப்போதோ வந்திருக்கும். கடைசியில் மகன் தறிப்பட்டறையிலிருந்து ஒரு பழைய குழாயைக் கொண்டுவந்து சுவரில் பதித்தார். செலவு சிமெண்டுக்கு மட்டும்.

இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், பெரிய விஷயம் ஒன்றும் சொல்கிறேன். இதில் நானும் குற்றவாளி.

2018-ல் என் பகுதியில் ஒரு கொப்பரைக் களம் வைத்திருந்த பெரியவருக்குக் காலில் புண் வந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்து வீடு திரும்பினார். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. சர்க்கரைக்குக் காலையில் இன்சுலின் 20 யூனிட் என்று எழுதி அனுப்பினார்கள். வார்டு செவிலியர் மருமகளை அழைத்து, மருந்தை எப்படி உறிஞ்சுவது, எந்தக் கோடு வரை, வயிற்றில் எங்கே குத்துவது என்று இரண்டு நாள் செய்துகாட்டினார். மருமகள் பத்தாவது வரை படித்தவர், கெட்டிக்காரர். மருந்து பாட்டிலை ஒரு சம்படத்தில் போட்டு, அந்தச் சம்படத்தை மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தார். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அதுகூட யாரோ சரியாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் சர்க்கரை இறங்கவே இல்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் 25 ஆக்கினார், பிறகு 30. பெரியவர் ஒளித்து வைத்து இனிப்பு தின்கிறார் என்று குடும்பமே சந்தேகப்பட்டது. மருமகள் வெல்லப் பானையைப் பூட்டிவைத்தார். அவரோ சாமி மேல் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் வழக்கமான கடையில் மருந்தை உறிஞ்சும் ஊசி (சிரிஞ்ச்) தீர்ந்துபோய், மருமகள் சந்தைக்குப் போன இடத்தில் வேறு கடையில் வாங்கிவந்தார். மறுநாள் காலை அதே 30 கோடு. பெரியவர் அரை வயிறு சாப்பிட்டுவிட்டுக் களத்தில் கொப்பரையைப் புரட்டப் போனார். பதினொரு மணிக்கு வேர்த்துக் கொட்டி, வாய் குழறி, வேலையாட்களைப் பார்த்து ஏதேதோ பேசினார். காலையிலேயே குடித்துவிட்டார் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்திருக்கிறார்கள். நல்ல வேளையாக மருமகளுக்குச் சந்தேகம் தட்டி 108-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸில் வந்த தம்பி விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 38. கையில் குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்து, “யார் களத்தைப் பார்த்துக்கொள்வது?” என்று கேட்டாராம்.

இரண்டு நாள் கழித்து மருமகள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். நடந்ததைக் கேட்ட மருந்தாளுநர், வீட்டில் இருக்கிற பாட்டில், பழைய ஊசி, புது ஊசி எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். மேசையில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நான் தாய் சேய் நல அட்டைகளை அடுக்கிக்கொண்டு அருகில் நின்றிருந்தேன். பழைய ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம். புது ஊசியின் மூடி சிவப்பு. அவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பாட்டிலில் ஒரு மில்லி மருந்துக்கு 40 யூனிட். சிவப்பு மூடி ஊசி அந்த மருந்துக்காகக் கோடு போடப்பட்டது. ஆரஞ்சு மூடி ஊசி, ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கிற மருந்துக்கு. ஆரஞ்சு ஊசியில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். 30 என்று இழுத்தபோது 12. சரியான ஊசி வந்த அன்று, அதே 30 கோட்டில், உண்மையாகவே 30 யூனிட் உடம்புக்குள் போய்விட்டது. ஒரே இரவில் மருந்து இரண்டரை மடங்கு.

இதில் யார் செய்தது தவறு என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் சர்க்கரை இறங்கவில்லை என்று அளவை ஏற்றினார். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. வார்டு செவிலியர் கற்றுக்கொடுத்தது சரியான ஊசியில். மருமகள் இழுத்தது சரியான கோடு வரை. முதல் கடையில் கேட்டது இன்சுலின் ஊசி, கொடுத்ததும் இன்சுலின் ஊசி. பாட்டில் என்ன பாட்டில் என்று ஒரு வார்த்தை அங்கே கேட்டிருக்கலாம். கடைசியாக நான். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் தடுப்பூசி போட்ட மறுநாளெல்லாம் காய்ச்சல் உண்டா என்று பார்க்கப் போனேன். குழந்தையின் அண்ணன், நான்கு வயதுப் பையன், ஆரஞ்சு மூடிகளை ஈர்க்குச்சியில் கோத்து வண்டி செய்து திண்ணையில் ஓட்டிக்கொண்டிருந்தான். “பாப்பா வாயில் போட்டுக்கொள்ளப் போகிறது, எடுத்து வை சாமி” என்று சொல்லிவிட்டு என் பதிவேட்டில் ‘காய்ச்சல் இல்லை’ என்று எழுதிவிட்டு வந்தேன். மூன்று தடவை அந்த மூடிகள் என் கண்ணில் பட்டன. என் பதிவேட்டில் சர்க்கரைக்குக் கட்டம் இல்லை.

ஒரு வீட்டுக்குள் சேர்ந்து வேலை செய்வது என்று நான் சொல்வது இதைத்தான். மருத்துவர் கொஞ்சம் இரக்கம் காட்ட வேண்டும், செவிலியர் புன்னகைக்க வேண்டும் என்கிற கதை இல்லை. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தும் ஒரு மனிதர் சாகப் பார்த்தார். ஒருவர் கண்ணுக்குப் பட்டது இன்னொருவர் காதுக்குப் போகவில்லை. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய மருந்தாளுநர் அந்த வீட்டு வாசலைப் பார்த்ததே இல்லை. இன்றும் எங்கள் ஊருக்கு வருகிற மூன்று பஸ்ஸில் மருந்தியல் கல்லூரிப் பஸ் ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கொங்கு நாட்டில் கல்லூரிக்குப் பஞ்சமா? கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் போனால் ஒரே காம்பவுண்டுக்குள் செவிலியர் கல்லூரி, மருந்தியல் கல்லூரி, பிசியோதெரபி கல்லூரி என்று வரிசையாக நிற்கின்றன. கேண்டீன் ஒன்று, பஸ் வேறு வேறு. இவர்களில் பெரும்பாலோருக்குப் பட்டம் கொடுப்பதும் ஒரே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான். ஆனால் மருத்துவப் படிப்புக்கு ஓர் ஆணையம், செவிலியத்துக்கு ஒரு கவுன்சில், மருந்தியலுக்கு இன்னொரு கவுன்சில், பிசியோதெரபி போன்றவற்றுக்கு 2021-ல் வந்த சட்டப்படி தனி ஆணையம். ஒவ்வொன்றும் தன் பிள்ளைகள் கிராமத்தில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்று தனித்தனியே எழுதிவைத்திருக்கிறது. அடுத்த கல்லூரிப் பிள்ளையோடு எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பதை யாரும் கேட்பதில்லை.

வேலைக்கு வந்த பிறகோ கதை வேறு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த திட்டம் என்பதால் ஒரு பார்வையாளராகத்தான் சொல்கிறேன். பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்கிறார், நோய்த்தணிப்புச் செவிலியர் வருகிறார், பிசியோதெரபிஸ்ட் வருகிறார். அதாவது சம்பளம் கொடுக்கிற அரசுக்கு, வீட்டில் கிடக்கிற நோயாளியைத் தனி ஆளாகப் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது. படிப்புக் காலமெல்லாம் தனித்தனி அறையில் வளர்த்துவிட்டு, நியமன உத்தரவு கொடுத்த மறுநாள் சேர்ந்து இழு என்றால் எப்படி? காங்கேயம் காளைகளையே சின்ன வயதிலேயே ஜோடி சேர்த்துப் பழக்குகிறோம்.

என் தம்பி மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. சமூகப் பயிற்சிக்குப் போன கிராமத்தில் ஒரு நாள் தேதி குழம்பி, மருத்துவக் கல்லூரிப் பஸ்ஸும் அவர்கள் பஸ்ஸும் ஒன்றாக வந்துவிட்டன. படுத்த படுக்கையாக இருந்த ஒருவர் வீட்டில் இரண்டு கூட்டமும் நெருக்கியடித்து நின்றது. இவள் துணி மாற்ற உதவும்போது அவர் இடுப்புக்குக் கீழே முதுகில் தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். படுக்கைப் புண் தொடங்கும் இடம். எதிரே நின்ற மருத்துவ மாணவன் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் தாளில் தோல் இயல்பு என்று எழுதிக்கொண்டிருந்தான். இவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் ஆசிரியையிடம் தனியாகச் சொல்லித் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“ஏன் கண்ணு, அவனிடமே சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“அத்தை, அவர்கள் டாக்டர் ஆகப் போகிறவர்கள்” என்றாள்.

அவளுக்கு இருபது வயது, அவனுக்கும் இருபதுதான் இருக்கும். இரண்டு பேரில் யார் பெரியவர் என்பது இருபது வயதிலேயே முடிவாகிவிட்டது. இந்தப் பெண்தான் பத்து வருடம் கழித்து இரவு இரண்டு மணிக்கு ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் எழுப்பி, நீங்கள் எழுதிய அளவு சரியில்லை என்று சொல்ல வேண்டியவள். எங்கிருந்து வரும் அந்த வாய்? எல்லாப் பழியையும் மருத்துவர்கள் மேல் போடவும் நான் தயாரில்லை. நானும் அங்கன்வாடிப் பணியாளரும் எடை மெஷின் யாருடையது என்று எட்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். குழந்தைகளின் எடை அவர் நோட்டில் ஒன்று, என் நோட்டில் ஒன்று.

சேர்த்து வைத்தால் நடக்கும் என்பதற்கு நான் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. தொண்ணூறுகளில் ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தார். ஒரு கர்ப்பிணி. நூற்பாலையில் வேலை, ரத்தம் குறைவு, மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போவார், ரத்தம் ஏறவே ஏறாது. தம்பி கோபமாகத் திட்டிவிட்டு, சீட்டில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. “வாருங்கள் சார், அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம்” என்று என் மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஐந்தரை அடி ஆள், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொறங்காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேறிப் பாதை முழுக்கத் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வீட்டில் நான் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை. மாமியாரிடம் எருமையைப் பற்றிக் கேட்டேன், சோளம் எப்படி என்று கேட்டேன். அரை மணி நேரம் கழித்து மாமியாரே சொன்னார்: மாத்திரை தின்றால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும், அதனால் பாதியைச் சோளக்காட்டில் வீசிவிட்டோம் என்று. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து அந்தப் பெண்ணும் பயந்திருக்கிறாள். மிச்ச மாத்திரையை மில் கேண்டீனில் டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீயோடு சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. தம்பி இதைப் புத்தகத்தில் படித்திருக்கிறார். ஆனால் ஷிஃப்ட் இடைவேளையில் டீயைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்பது புத்தகத்தில் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுக்குப் பிறகு எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளச் சொன்னார். மலம் ஏன் கறுக்கிறது என்பதை மாமியாருக்கு அவரே விளக்கினார். எருமைக்குப் புண்ணாக்கு மாற்றினால் சாணம் நிறம் மாறுவதில்லையா என்று கேட்டார் பாருங்கள், அங்கேயே அவர் பாஸ். அடுத்த மாதம் ரத்தம் ஏறியது. சீட்டில் இருந்த அந்த இரண்டு வார்த்தையை அவரே அடித்துவிட்டார். பிறகு அவர் இருந்த மூன்று மாதமும் வாரத்துக்கு இரண்டு நாள் என் மொபெட்டில் வந்தார். நானும் அவரிடம் கற்றேன். கர்ப்பிணிக்கு எந்த வீக்கம் ஆபத்து, எது சாதாரணம் என்று என் பதினெட்டு மாதப் பயிற்சியில் புரியாத சிலதை அவர்தான் புரியவைத்தார்.

இதெல்லாம் ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1946-ல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையிலான அரசுக் குழு, சமூகத்தைப் புரிந்த மருத்துவரை உருவாக்க வேண்டும் என்று எழுதியது. 1975-ல் ஸ்ரீவஸ்தவா குழு மருத்துவக் கல்வியைக் கிராமத்தை நோக்கித் திருப்பச் சொன்னது. அதன் பேரில் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களை ஏற்றுக்கொள்ளும் திட்டமும் 1977-ல் வந்தது. 1978-ல் அல்மா ஆட்டா பிரகடனம், மருத்துவர், செவிலியர், மருத்துவச்சி, சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரு குழுவாக வேலை செய்யப் பயிற்சி பெற வேண்டும் என்றது. 2010-ல் உலக சுகாதார நிறுவனம், வெவ்வேறு தொழில் படிப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்பதைத்தான் கூட்டுக் கல்வி என்று வரையறுத்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே பாதி எழுதியாகிவிட்டது. ஓய்வு பெற்றும் ஆறேழு வருடம் ஆகிறது. பஸ் மட்டும் இன்னும் தனித்தனியே வருகிறது.

இதற்கு ஆணையங்கள் கூடித் தீர்மானம் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். தத்தெடுப்புத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது, மருத்துவ மாணவருக்குக் குடும்பமும் ஒதுக்கியாகிவிட்டது. அதே குடும்பத்துக்கு ஒரு நர்சிங் மாணவி, ஒரு பிசியோதெரபி மாணவர், ஒரு மருந்தியல் மாணவர் மூவரையும் பக்கத்துக் கல்லூரியிலிருந்து சேர்த்துவிடுங்கள். முப்பது பேர் வேண்டாம், நான்கு பேர். திண்ணை தாங்கும். மருந்தியல் பிள்ளைக்கு வேலை என்னவென்று கேட்கிறவர்கள், வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு முறத்தில் கொட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் பார்த்திருக்கிறேன்: ஒரே மாத்திரை மூன்று பெயரில் மூன்று அட்டையாக இருக்கும், பேத்தியின் காய்ச்சல் மருந்து கலந்திருக்கும், ஆட்டுக்கு வாங்கிய குடற்புழு மருந்தும் அதிலேயே இருக்கும்.

பார்த்ததை எழுதுகிற நோட்டு கல்லூரிக்குப் போகக் கூடாது. அந்த வீட்டு ஆணியில் தொங்க வேண்டும். நால்வரும் ஒரே நோட்டில் எழுத வேண்டும். தன்னார்வலரும் கிராம சுகாதார செவிலியரும் அதே நோட்டில் எழுதட்டும். ஆரஞ்சு மூடி, படுக்கைப் புண், இரண்டு படி எல்லாம் ஒரே பக்கத்தில் வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் போகாது. கிளம்பும் முன் நால்வரும் திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து, தான் பார்த்ததில் மற்றவர் பார்க்காதது என்ன என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதலில் பேசுவது மருத்துவ மாணவராக இருக்கக் கூடாது என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற மூவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மதிப்பெண் இல்லாமல் எந்தப் பிள்ளையும் எதையும் மனதில் வைப்பதில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் படித்தேன். ஆகவே மதிப்பெண் போடுங்கள். நால்வருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண். அதில் ஒரு பங்கை அந்த ஊர்ச் செவிலியரும் தன்னார்வலரும் போடட்டும். பேராசிரியர்களுக்கு இது கசக்கும். பத்தாவது படித்த ஒரு தன்னார்வலர் மருத்துவ மாணவருக்கு மதிப்பெண் போடுவதா என்பார்கள். அந்தத் தன்னார்வலருக்குத்தான் எந்த வீட்டில் மாத்திரை சோளக்காட்டுக்குப் போகிறது என்று தெரியும்.

கல்லூரி நேர அட்டவணை ஒத்துவராது என்ற பதில் வரும் என்று எனக்குத் தெரியும். விளையாட்டு விழாவுக்கும் பட்டமளிப்பு விழாவுக்கும் ஒத்துவருகிற அட்டவணைதான் அது.

பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். குழாய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்போது தானாகவே கழிப்பறைக்குப் போய்வருகிறார். நான்கு பேராக வந்தால் மோர் கொடுப்பாராம், முப்பது பேராக வந்தால் கட்டாதாம். கல்லூரிகள் நாள் குறித்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி, மற்ற நாளில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆனாலும் சரி. காலை பதினொரு மணிக்கு மட்டும் வேண்டாம். அந்நேரம் அந்த வீட்டில் ஆத்தாவையும் நாயையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். நாய் கடிக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்,
வெள்ளகோவில் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.